வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா? பெர்மிட்ல முதலாளின்னு இருக்கப்போறது உங்க பேரு

"ஏஜென்சிக்குக் காசு கட்டியாச்சு, மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க." சிங்கப்பூர்ல முதல் தடவையா மெய்டு எடுக்கற நம்ம ஆளுங்ககிட்ட பேசினா அடிக்கடி காதுல விழற பேச்சு இது. ஏஜென்சி ஆள் பிடிச்சுக் குடுப்பாங்க, பேப்பர் வேலை பண்ணுவாங்க, ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டுக்கூட வருவாங்க, அதெல்லாம் சரிதான், ஆனா வொர்க் பெர்மிட்ல முதலாளின்னு போட்டிருக்கறது ஏஜென்ட் பேரு இல்ல உங்க பேரு. அரசாங்கத்துக்கு மாசாமாசம் கட்ட வேண்டிய லெவிய கட்டலேன்னா லெட்டர் உங்களுக்குத்தான் வரும், ஆஸ்பத்திரி பில் உங்களுக்குத்தான் வரும், அந்தப் பொண்ணு வேற எங்கயோ வேலை பாத்து மாட்டினா மனிதவள அமைச்சுல இருந்து உங்களத்தான் கூப்புடுவாங்க. அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நம்ம தலையில என்னென்ன விழுதுன்னு ஒரு தடவ முழுசா பாத்துடறது நல்லது.

முதல்ல ஒண்ணு. ஆபீஸ்ல, கடையில வேலை பாக்கறவங்களுக்கு இருக்கற வேலை நியமனச் சட்டம் இருக்குல்ல, மணிக்கணக்கு, ஓவர்டைம், வருஷ லீவு எல்லாம் சொல்ற சட்டம், அது வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பொருந்தாது. வேலையில அடிபட்டா நஷ்டஈடு குடுக்கற சட்டமும் அவங்கள சேக்கல. "அப்ப சட்டமே இல்லையா"ன்னு சில பேர் சந்தோஷப்படுவாங்க, அப்படி இல்ல. வெளிநாட்டு ஊழியர்களுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ வொர்க் பெர்மிட்டுக்கு நிபந்தனைகள்னு ஒரு நீளமான பட்டியல் இருக்கு, சாப்பாடு, தூங்கற இடம், சம்பளம், வைத்தியம், பாதுகாப்புன்னு எல்லாமே அதுல வருது. அந்த நிபந்தனைய மீறினா 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

யார வேணா எடுத்துட முடியாது. பெண்கள் மட்டும்தான். அப்ளை பண்றப்ப வயசு 23 முடிஞ்சிருக்கணும், 50க்குக் கீழ இருக்கணும், குறைஞ்சது 8 வருஷம் ஸ்கூல் படிச்சிருக்கணும். இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார்னு அமைச்சு ஒத்துக்கிட்ட நாடுகள்ல இருந்துதான் வர முடியும். இன்னொரு விஷயம், இது நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது: உங்களுக்குச் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. ஊர்ல மாமா பொண்ணு சும்மாதான் இருக்கு, மெய்டு பெர்மிட்ல கூட்டிட்டு வந்துட்டா புள்ளையும் பாத்துக்கும் நமக்கும் நிம்மதின்னு நினைச்சா அது நடக்காது.

முதலாளிக்கும் தகுதி உண்டு. 21 வயசு ஆகியிருக்கணும், திவால் ஆகியிருக்கக் கூடாது, சம்பளம் குடுக்கற அளவுக்கு வருமானம் இருக்கணும். முதல் தடவன்னா முதலாளிகளுக்கான ஓரியன்டேஷன் கோர்ஸ் ஒண்ணு முடிக்கணும், ஒரு மூணு மணி நேரம், ஆன்லைன்லயே பண்ணிடலாம். அப்ளிகேஷன் போடறதுக்கு ரெண்டு வேலை நாளைக்கு முன்னாடியே இத முடிச்சிருக்கணும். பின்னாடி டிவி ஓட விட்டுட்டு கிளிக் பண்ணிட்டே போறவங்கதான் ஜாஸ்தி, ஆனா உருப்படியா உக்காந்து பாத்தா பாதி சந்தேகம் அங்கயே தீந்துடும். முதல் தடவ சிங்கப்பூர் வர்ற பொண்ணுக்கும் ஒரு நாள் செட்லிங் இன் கோர்ஸ் உண்டு, வந்து மூணு வேலை நாளுக்குள்ள அனுப்பணும், அவங்களுக்குப் புரியற மொழியிலயே நடத்துவாங்க. வந்து ரெண்டு வாரத்துக்குள்ள மெடிக்கல் செக்கப் முடிக்கணும். கட்டணத்தப் பொறுத்தவரைக்கும் அப்ளிகேஷனுக்கு 35 வெள்ளி, பெர்மிட் குடுக்கறப்ப இன்னொரு 35, அவ்வளவுதான். பெரிய செலவெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் குழம்பற இடம் இதுதான். லெவி, பாண்ட், இன்சூரன்ஸ்னு மூணு இருக்கு, மூணும் வேற வேற. "அதெல்லாம் பேக்கேஜ்ல வந்துடும்"னு ஏஜென்சி ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிடறதால மூணும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க.

லெவிங்கறது வெளிநாட்டு ஆளு வச்சிருக்கறதுக்காக நீங்க மாசாமாசம் அரசாங்கத்துக்குக் கட்டற காசு. முதல் ஹெல்ப்பருக்கு 300 வெள்ளி, ரெண்டாவது ஆள் வச்சா அவங்களுக்கு 450. 2019 ஏப்ரல்ல இருந்து இந்தக் கணக்குதான். சலுகை கெடைச்சா மாசம் 60 வெள்ளி மட்டும். இந்த 60க்கும் 300க்கும் இடையில வருஷத்துக்கு 2,880 வெள்ளி வித்தியாசம், அதனால சலுகை உங்களுக்கு உண்டா இல்லையான்னு கண்டிப்பா பாருங்க. மூணு விதமான வீட்டுக்குக் கெடைக்கும்: 16 வயசுக்குக் கீழ சிங்கப்பூர்க் குடிமகனா ஒரு புள்ள இருந்தா, 67 வயசோ அதுக்கு மேலயோ ஆன பெரியவங்க இருந்தா, இல்ல அன்றாட வேலைக்கே ஒருத்தர் உதவி வேணும்ங்கற அளவுக்கு உடல் முடியாதவங்க இருந்தா. அவங்க உங்க கூடவே இருக்கணும், வெறும் வாய்ல சொன்னா போதாது, அடையாள அட்டையில அதே அட்ரஸ் இருக்கணும். அம்மா நம்ம கூடத்தான் இருக்காங்க ஆனா அவங்க ஐசியில இன்னும் தம்பி வீட்டு ஈஷூன் அட்ரஸ்தான் இருக்குன்னா சலுகை வராது, முதல்ல அட்ரஸ மாத்துங்க. முடியாதவங்களுக்கான சலுகைக்கு டாக்டர்கிட்ட மதிப்பீடு பண்ணி தனியா அப்ளை பண்ணணும், அது தானா வராது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல, அதாவது வெளிநாட்டுல இருந்து ஆபீஸ் வேலைக்கு வந்தவங்களுக்கான பாஸ்ல, இருக்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்த: நீங்களும் ஹெல்ப்பர் எடுக்கலாம், ஆனா புள்ள சிங்கப்பூர்க் குடிமகன் இல்லேன்னா அந்தப் புள்ளய வச்சு சலுகை கெடையாது, முழு 300தான். சலுகைல இருக்கறவங்களும் புள்ளையோட 16ஆவது பொறந்தநாள ஞாபகம் வச்சுக்கோங்க, கேக் வெட்டின மாசத்துக்கு அப்புறம் ஜைரோவுல (பேங்க் அக்கவுன்ட்ல இருந்து தானா காசு எடுக்கற ஏற்பாடு) திடீர்னு 300 போனா பேங்க் மேல கோவப்படாதீங்க.

லெவி கணக்கு நாள் கணக்குல ஓடும், புதுசா வர்றவங்களுக்கு வந்த அஞ்சாவது நாள்ல இருந்து ஆரம்பிக்கும். ஒரு மாசத்து லெவி அடுத்த மாசம் 17ஆம் தேதி ஜைரோவுல எடுத்துடுவாங்க. அக்கவுன்ட்ல காசு இல்லாம திரும்பிடுச்சுன்னா மாசத்துக்கு 2 பர்சென்ட் இல்ல 20 வெள்ளி, எது அதிகமோ அது அபராதமா சேரும், பாக்கியில 30 பர்சென்ட் வரைக்கும் ஏறலாம். கட்டாமலே விட்டா இருக்கற பெர்மிட்டயே ரத்து பண்ணுவாங்க. இன்னொரு பக்கம், அவங்க ஊருக்கு லீவுல போறப்ப தொடர்ந்து 7 நாளாவது வெளிநாட்டுல இருந்தா அந்த நாளுக்கான லெவிய விலக்கச் சொல்லிக் கேக்கலாம், ஒரு வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும். ஆஸ்பத்திரியில படுத்திருந்தாலும் கேக்கலாம். ஆனா நீங்க அப்ளை பண்ணணும், யாரும் கூப்பிட்டுக் குடுக்க மாட்டாங்க. முக்கியமா, லெவிங்கறது முதலாளி கட்ட வேண்டிய காசு. அத அவங்க சம்பளத்துல பிடிக்கறது குற்றம்.

அடுத்தது செக்யூரிட்டி பாண்ட், நிபந்தனைய மீறினா அரசாங்கம் எடுத்துக்கற உத்தரவாதப் பணம், 5,000 வெள்ளி. மலேசியாக்காரங்களுக்கு இது வேணாம், மத்த எல்லாருக்கும் உண்டு. 5,000 வெள்ளிய கையில இருந்து எடுத்து வைக்கணும்னு பயந்துடாதீங்க, இன்சூரன்ஸ் கம்பெனி உங்க சார்பா அரசாங்கத்துக்கு உத்தரவாதம் குடுக்கும், நீங்க பிரீமியம் மட்டும் கட்டுவீங்க. ஆனா அந்த 5,000ஐ அரசாங்கம் எடுத்துக்கிட்டா கம்பெனிக்காரங்க மொதல்ல கட்டிட்டு அப்புறம் உங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க. பிரீமியத்தோட கொஞ்சம் கூடக் கட்டினா அந்த வசூல ஒரு சின்னத் தொகையோட நிறுத்திக்கற வெய்வர் கெடைக்கும், பாலிசி வாங்கறப்ப அத மறக்காம கேளுங்க.

இந்தப் பாண்ட பத்தி நம்ம சமூகத்துல ஒரு தேவையில்லாத பயம் சுத்திக்கிட்டே இருக்கு. "ஞாயித்துக்கிழம வெளிய விட்டா பாய்ஃபிரண்ட் பிடிச்சுடுவா, கர்ப்பமாயிடுவா, நம்ம அஞ்சாயிரம் போயிடும்". அப்படியெல்லாம் இல்லங்க. அவங்களா நிபந்தனைய மீறினா, நீங்க முன்கூட்டியே நிபந்தனைய எடுத்துச் சொல்லியிருந்து, விஷயம் தெரிஞ்ச உடனே அமைச்சுக்குச் சொல்லிட்டீங்கன்னா உங்க பாண்ட எடுக்க மாட்டாங்க. ஓடிப் போயிட்டாங்கன்னாகூட போலீஸ் ரிப்போர்ட் குடுத்து, தேடறதுக்கு நியாயமான முயற்சி எடுத்திருந்தா பாதி, அதாவது 2,500தான் போகும். அந்த அஞ்சாயிரத்துக்காக ஒரு மனுஷிய நாலு செவத்துக்குள்ள பூட்டி வைக்கறவங்களுக்குச் சட்டமும் தெரியல, நியாயமும் தெரியலன்னுதான் நான் சொல்லுவேன்.

மூணாவது இன்சூரன்ஸ். இதுலயே ரெண்டு இருக்கு. விபத்துக் காப்பீடு குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு இருக்கணும், மெடிக்கல் இன்சூரன்ஸும் வருஷத்துக்கு குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு இருக்கணும். முன்னாடி மெடிக்கல் 15,000தான் இருந்துச்சு, 2023 ஜூலை 1ல இருந்து ஏத்திட்டாங்க. ஏன்னா வெளிநாட்டு ஊழியருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் மானியம் கெடையாது, ஒரு ஆபரேஷன் பண்ணா 15,000 ஊதித் தள்ளிடும், மிச்சம் முதலாளி தலையில. இப்ப கணக்கு எப்படின்னா முதல் 15,000 முழுசும் இன்சூரன்ஸ் கட்டும், அதுக்கு மேல போறதுல 75 பர்சென்ட் அவங்க, 25 பர்சென்ட் நீங்க. உதாரணத்துக்கு பில் 35,000 வந்துச்சுன்னா முதல் 15,000 போக மிச்சம் 20,000, அதுல 15,000 அவங்க கட்டுவாங்க, 5,000 உங்க பாக்கெட். 2025 ஜூலைல இருந்து எதெல்லாம் கவர் ஆகாதுங்கற பட்டியலயும் எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி ஆக்கியிருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு கம்பெனியே நேரா பணம் குடுத்துடணும், 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு பிரீமியம் தனி.

இன்சூரன்ஸ் கட்டாத சின்னச் சின்ன வைத்தியம், பல்லு வலி, கிளினிக் செலவு, இதெல்லாமும் உங்க பொறுப்புதான். "பல்லு வலிக்கு அவ சம்பளத்துல பாத்துக்கட்டும்"னு சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பணும், கர்ப்பம், தொத்து நோய் பாக்கறதோட உடம்புல காயம் ஏதும் இருக்கா, எடை ரொம்ப இறங்கியிருக்கான்னும் டாக்டர் பாப்பாங்க.

அந்தக் காயம் பாக்கறதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, நம்ம தமிழ் வீடுகள்ல இத வெளிப்படையா பேசறது கம்மி. 2016ல ஒரு மியன்மார் பணிப்பெண் சாப்பாடு இல்லாம, அடிபட்டு, எடை வெறும் 24 கிலோவுக்கு இறங்கி செத்துப் போனாங்க. முதலாளி அம்மாவுக்கு 2021ல 30 வருஷம் ஜெயில். அந்த வழக்குக்கு அப்புறம்தான் செக்கப், வீட்டுக்கு வந்து விசாரிக்கறது, கட்டாய ஓய்வு நாள்னு விதிகள் ஒண்ணொண்ணா இறுக ஆரம்பிச்சுது. பணிப்பெண்ண அடிச்சா சாதாரண ஆள அடிச்சதுக்கு உள்ள தண்டனையில ரெண்டு மடங்கு வரைக்கும் குடுக்கலாம்னு 2020ல இருந்தே சட்டம் இருக்கு. கை நீட்டறதெல்லாம் குடும்ப விஷயம் இல்ல, கிரிமினல் கேஸ்.

சம்பளம். சிங்கப்பூர்ல பணிப்பெண்ணுக்கு இவ்வளவுதான்னு குறைஞ்சபட்சச் சம்பளம் எதுவும் சட்டத்துல கெடையாது, ஆனா சில நாட்டுத் தூதரகங்க தங்களோட ஆளுங்களுக்கு இவ்வளவு குடுக்கணும்னு வச்சிருக்காங்க, அது ஏஜென்சிக்குத் தெரியும். எவ்வளவு ஒத்துக்கிட்டு அமைச்சுல எழுதினீங்களோ அத குறைக்காம குடுக்கணும். மாசத்துக்கு ஒரு தடவையாவது குடுக்கணும், மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள. அவங்க பேங்க்ல போடச் சொன்னா பேங்க்லதான் போடணும். கையில குடுத்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ரெகார்ட் வேணும், ஒரு சாதா நோட்டு போதும், ஆனா இருக்கணும். பின்னாடி ஏதாவது பிரச்சனைன்னு வந்தா அந்த நோட்டுதான் உங்கள காப்பாத்தும்.

"அவ காச நானே பத்திரமா வச்சிருக்கேன், ஊருக்குப் போறப்ப மொத்தமா குடுத்துடுவேன்". நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, நம்ம அம்மா தலைமுறையில இது சாதாரணம். 2019 ஜனவரில இருந்து அது கூடாது. அவங்களே கேட்டுக்கிட்டாக்கூட முதலாளி பணிப்பெண் காச வச்சிருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் அப்படித்தான், வொர்க் பெர்மிட் கார்டும் அப்படித்தான், அதெல்லாம் அவங்க கையில இருக்க வேண்டியது.

லோன்னு ஒண்ணு சொல்லுவாங்க. அவங்க இங்க வர்றதுக்கான கட்டணத்த நீங்க முதல்ல ஏஜென்சிக்குக் கட்டிட்டு மாசாமாசம் சம்பளத்துல கழிச்சுக்கறது. ஏஜென்சி அவங்ககிட்ட வாங்கற கட்டணத்துக்கு வரம்பு இருக்கு, ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாசச் சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாசம். ஆனா அவங்க ஊர்ல இருக்கற ஏஜென்ட் வாங்கறது இதுல சேராது, அதனாலதான் லோன் சில சமயம் பல மாசம் இழுக்கும். கழிக்கற காசு பேப்பர்ல எழுதினதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. உடைஞ்ச தட்டுக்கு, தீஞ்ச சட்டைக்கு, சாப்பாட்டுக்குன்னு நீங்களா ஒரு கணக்குப் போட்டுக் கழிக்கறதுக்கு இடமே இல்ல.

ஓய்வு நாள் வாரத்துக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டா சில ஓய்வு நாளுக்குப் பதிலா காசு குடுக்கலாம், குறைஞ்சது ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளம்னா மாசச் சம்பளத்த 26ஆல வகுக்கணும், 30ஆல இல்ல. 650 வெள்ளின்னா ஒரு நாளைக்கு 25. ஆனா 2023 ஜனவரி 1ல இருந்து மாசத்துக்கு ஒரு ஓய்வு நாளாவது கண்டிப்பா குடுத்தே ஆகணும், அத காசால வாங்க முடியாது. ஞாயித்துக்கிழம லக்கி பிளாசா பக்கம் போனா பிலிப்பீன்ஸ் பொண்ணுங்க கூட்டம், பெனின்சுலா பிளாசா பக்கம் போனா மியன்மார் கூட்டம், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நம்ம ஊர்ப் பொண்ணுங்க கோயிலுக்குப் போயிட்டு கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வருவாங்க. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவங்க மிச்ச நாள ஓட்டறாங்க. காலையில போறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் வேலை வாங்கிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து சமைச்சுடுன்னு சொன்னா அதுக்குப் பேரு ஓய்வு நாளான்னு நீங்களே யோசிங்க.

சாப்பாடு, தூங்கற இடம். தனி ரூம் குடுத்தா நல்லது, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல எல்லாருக்கும் அது முடியாது, அமைச்சுக்கும் தெரியும். ஆனா மெத்தை, போர்வை, காத்தோட்டம், உடை மாத்த மறைவான இடம் வேணும். வளந்த ஆம்பளைங்க, டீனேஜ் பையன் தூங்கற ரூம்ல படுக்க வைக்கக் கூடாது. வீட்டுல கேமரா இருந்தா அது எங்க இருக்குன்னு சொல்லிடுங்க, அவங்க தூங்கற உடை மாத்தற குளிக்கற இடத்துல வைக்கவே கூடாது. சாப்பாட்டு விஷயத்துல சைவ வீடுகள்ல ஒரு சிக்கல் வரும், வீட்டுல நாங்க கறி சமைக்க மாட்டோம்னு சொல்றது தப்பில்ல, ஆனா அத இன்டர்வியூலயே சொல்லிடுங்க, வந்த அப்புறம் அவங்க ஆறு மாசமா தயிர்சாதத்துல முழிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அதே மாதிரி அவங்க மதத்துக்கு ஆகாதத சாப்பிடு, சமைன்னு கட்டாயப்படுத்தறதும் கூடாது.

ஜன்னல் துடைக்கறது தனியா சொல்லணும். மாடி வீட்டுல வெளிப்பக்கக் கண்ணாடி துடைக்கணும்னா கிரில் போட்டு பூட்டியிருக்கணும், பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் துடைக்கச் சொல்லக் கூடாது. தீபாவளிக்கு முன்னாடி வாரம் எல்லா பிளாக்லயும் ஜன்னல் துடைக்கற வேலை நடக்கும், அப்ப இத நினைச்சுக்கோங்க. மாடியில இருந்து விழுந்து எத்தனையோ பேர் செத்ததுக்கு அப்புறம் வந்த விதி இது.

இப்ப நம்ம ஆளுங்க தெரியாமலே மாட்டற இடம். பெர்மிட்ல எழுதின அட்ரஸ்ல வீட்டு வேலை, அதுக்கு மட்டும்தான் அவங்க வந்திருக்காங்க. நீங்க வீட்டுல இருந்து முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்து விக்கறீங்கன்னா அதுக்கு அவங்க உருட்டி பேக் பண்ணக் கூடாது. வீட்டுக்காரர் சிராங்கூன் ரோடுல கடை வச்சிருக்கார்னு சனிக்கிழம அங்க அனுப்பக் கூடாது. அக்கா வீட்டுல விசேஷம்னு ரெண்டு நாள் அங்க போய் பாத்திரம் கழுவச் சொல்றதும் இதுலதான் வரும். மாட்டினா உங்களுக்கு 10,000 வெள்ளி வரைக்கும் போகலாம், இனிமே பணிப்பெண்ணே எடுக்க முடியாதுன்னும் ஆகலாம். ஒரே ஒரு விலக்கு: நீங்க வேலைக்குப் போறப்ப உங்க புள்ளையயோ வயசான அப்பா அம்மாவையோ நெருங்கின சொந்தக்காரங்க வீட்டுல வச்சு பணிப்பெண் பாத்துக்கலாம், அந்தப் பொண்ணுக்குச் சம்மதம் இருக்கணும், ரெண்டு வீட்டு வேலையும் முழுசா அவங்க தலையில கட்டக் கூடாது.

இதோட மறுபக்கம் இன்னும் ஆபத்து. பக்கத்து வீட்டு மெய்டு ஞாயித்துக்கிழம சும்மாதான் இருக்கா, 50 வெள்ளி குடுத்து நம்ம வீட்ட துடைக்கச் சொல்லலாம்னு நினைக்கறது. இல்ல, விசிட் பாஸ்ல வந்திருக்கற தெரிஞ்ச அம்மாவ சம்பளத்துக்குச் சமைக்கச் சொல்றது. இல்ல, டிபென்டன்ட் பாஸ்ல (வேலை பாஸ்காரங்களோட குடும்பத்துக்குக் குடுக்கற பாஸ்) இருக்கற எதிர் வீட்டு அக்காவ மாசச் சம்பளத்துக்கு புள்ள பாக்கச் சொல்றது, 2021 மே மாசத்துக்கு அப்புறம் டிபென்டன்ட் பாஸ்காரங்க வேலை பாக்கணும்னா அவங்களுக்குன்னு தனி வேலை பாஸ் வேணும். பாஸ் இல்லாத ஆள வேலைக்கு வச்சா அபராதம் ஆரம்பமே 5,000 வெள்ளி, 30,000 வரைக்கும் போகும், 12 மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

மெய்டு வேணாம், வாரத்துக்கு ஒரு நாள் கிளீனிங் போதும்னா ரெண்டு நல்ல வழி இருக்கு. ஒண்ணு, அரசாங்கத்தோட வீட்டுச் சேவைத் திட்டத்துல இருக்கற கம்பெனிகள். ஆளு அவங்களோட ஊழியர், பெர்மிட், லெவி எல்லாம் அவங்க பாடு, நீங்க மணிக்கு இவ்வளவுன்னு பில் கட்டினா போதும். இன்னொண்ணு உள்ளூர் ஆன்டி யாரையாவது நேரா வச்சுக்கறது, இங்கதான் யாரும் யோசிக்காத ஒண்ணு வருது, மத்திய சேம நிதி (மசேநி), அதாவது ஊழியர்களோட கட்டாய சேமிப்பு நிதி. அவங்க குடிமகளோ நிரந்தரவாசியோவா இருந்து, உங்களுக்குக் கீழ வேலை பாக்கற ஊழியரா இருந்து, மாசம் 50 வெள்ளிக்கு மேல குடுத்தீங்கன்னா நீங்க மசேநி கட்டணும். பார்ட் டைம்ங்கறது காரணம் ஆகாது. வாரத்துக்கு நாலு மணி நேரம், மணிக்கு 20 வெள்ளின்னு வைங்க, மாசத்துக்கு 320. வயசு 55க்குள்ளன்னா முதலாளி பங்கு 17 பர்சென்ட், கிட்டத்தட்ட 54 வெள்ளி. வயசு ஏற ஏற இந்த பர்சென்ட் குறையும். மாசம் 500 வெள்ளிக்கு உள்ள இருந்தா அவங்க பங்குன்னு எதுவும் பிடிக்க வேணாம், உங்க பங்கு மட்டும்தான். சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் சேவைக்கான லாகின்) வச்சு முதலாளியா பதிவு பண்ணிட்டு, அடுத்த மாசம் 14ஆம் தேதிக்குள்ள கட்டிடணும், தாண்டினா மாசத்துக்கு ஒன்றரை பர்சென்ட் வட்டி. அவங்க பல வீடு பாக்கறாங்க, சாமான் அவங்களே கொண்டு வர்றாங்க, எந்த நேரம் எப்படிப் பண்றதுன்னு அவங்களே முடிவு பண்றாங்கன்னா சுயதொழில்காரங்கன்னு ஆகலாம், அப்ப இது கெடையாது. வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்கு மசேநியே கெடையாது, அத இதோட குழப்பிக்காதீங்க.

வருமான வரி. ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரல்ல வரி ஆணையம் ஐராஸோட பக்கத்தத் திறந்து வச்சுக்கிட்டு "லெவி ரிலீஃப் எங்கடா போச்சு"ன்னு தேடறவங்க இன்னும் இருக்காங்க. கல்யாணமான வேலைக்குப் போற பெண்கள் கட்டின லெவியோட ரெண்டு மடங்க வருமானத்துல கழிச்சுக்கலாம்னு ஒரு சலுகை இருந்துச்சு, மாசம் 300 கட்டினவங்களுக்கு அது 7,200 வெள்ளி. 2023 பட்ஜெட்ல அத நிறுத்தறதா சொன்னாங்க, 2025 வரி மதிப்பீட்டு ஆண்டுல (அதாவது 2024 வருமானத்துக்கான கணக்குல) இருந்து கெடையாது. லெவி விஷயத்துல அந்த 60 வெள்ளி சலுகைதான் இப்ப மிச்சம் இருக்கற உதவி. புள்ளைய தாத்தா பாட்டி பாத்துக்கற வீட்டுல வேலைக்குப் போற அம்மாவுக்கு 3,000 வெள்ளி கழிவு தனியா இருக்கு, அது பணிப்பெண்ணோட சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா மறந்துடாதீங்க.

பணிப்பெண் சம்பளத்த உங்க வருமானத்துல கழிக்க முடியாது, அது சொந்தச் செலவு. கடை, கம்பெனி வச்சிருக்கறவங்க அத பிசினஸ் செலவுல நைசா சேக்கறது உண்டு, கண்டுபிடிச்சா வரியோட அபராதமும் சேத்துக் கேப்பாங்க, அதுமட்டும் இல்ல, பிசினஸ்ல வேலை வாங்கினீங்களான்னு அடுத்த கேள்வி வரும். அவங்க பக்கம் வரி பெருசா வராது, வருஷம் முழுக்க இங்க இருக்கறவங்களுக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்ல, மாசம் 700 வாங்கினா வருஷத்துக்கு 8,400தான் ஆகுது.

வீட்டுல படுத்த படுக்கையா யாராவது இருந்தா வீட்டுப் பராமரிப்பு மானியத்தயும் கேட்டுப் பாருங்க. குளிக்க, உடுத்த, சாப்பிட, நடக்கன்னு அன்றாட வேலையில மூணுக்காவது எப்பவும் ஆள் உதவி வேணும்ங்கற நிலையில இருக்கணும், குடும்ப வருமானமும் வரம்புக்குள்ள இருக்கணும். மாசம் 400 வெள்ளி வரைக்கும் குடுத்துட்டு இருந்தாங்க, 2026 ஏப்ரல்ல இருந்து 600 வரைக்கும். பணிப்பெண் செலவுக்கே அத வச்சுக்கலாம்.

கடைசியா அவங்க போறப்ப. ஒப்பந்தத்துல எவ்வளவு நோட்டீஸ்னு இருக்கோ அவ்வளவு குடுக்கணும், பாக்கிச் சம்பளம் முழுசா செட்டில் பண்ணணும், ஊருக்கு டிக்கெட் உங்க செலவு, அவங்களா விலகினாலும் நீங்க அனுப்பினாலும். சென்னையில எறக்கி விட்டுட்டு மிச்ச நானூறு கிலோமீட்டர நீயே பாத்துக்கோன்னு சொல்லாம, அவங்க ஊருக்குப் பக்கமா எந்த ஏர்போர்ட்டோ அதுக்கு போடுங்க, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு திருச்சிக்கு நேரா ஃபிளைட் இருக்கறப்ப வேற எதுக்கு. இங்கயே வேற வீட்டுக்கு மாறணும்னு அவங்க கேட்டா பேசிப் பாருங்க, டிக்கெட் செலவும் மிச்சம். பெர்மிட்ட ரத்து பண்ணி, அவங்க கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு வாரத்துல பாண்ட விடுவிச்சிடுவாங்க. ஆனா கடைசி மாச லெவி அடுத்த மாசம் 17ஆம் தேதிதான் எடுப்பாங்க, அதுவரைக்கும் ஜைரோவ நிறுத்தாதீங்க.